வேஷம் போட்ட கோல்



அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். வார இறுதிகளில் பூல் ஆடுகிறவன் அவன். கோல் செய்யும் ஒரு கைவினைஞரிடம் சொல்லி, தன் கைக்கென்று ஒன்று செய்துகொள்ளப் போகிறான். கணிசமான செலவு. ஆனால் அது பார்ப்பதற்கு, கிளப் சுவரில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடச் சாத்தி வைத்திருக்கும் பொதுக்கோல் மாதிரியே இருக்க வேண்டுமாம். கூட ஆடும் ஒருவர், "அது ஏமாற்றுக்காரன் கோலாச்சே" என்று சொல்லிவிட்டார். "மாமா, நீங்க ஹிஸ்டரி வாத்தியார்தானே, சொல்லுங்க, இதை வாங்கறது தப்பா?" என்கிறான். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது என்பது என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பூல் என்றதும் நீச்சல் குளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு பாக்கெட், எண் போட்ட பந்துகள், நீளக் கோல். பில்லியர்ட்ஸின் அமெரிக்கத் தம்பி. (ஊட்டி கிளப்புக்கும் பெயர் வாங்கித் தந்த ஸ்னூக்கர் இன்னொரு தம்பி. அது வேறு கதை, இன்னொரு நாள்.) பூல் என்ற சொல்லுக்கு இங்கே பந்தயத்துக்காகச் சேர்த்து வைத்த பொதுப்பணம் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பூல் ரூம் என்றால் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடம். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பொழுது போக, பில்லியர்ட்ஸ் மேசை போட்டு வைத்தார்கள். நாளடைவில் பந்தயக்கூடத்தின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. ஆக, இந்த ஆட்டத்துக்குப் பெயர் வைக்கும்போதே பணம் உள்ளே வந்துவிட்டது.

கோலுக்கு ஆங்கிலத்தில் க்யூ. ரேஷன் கடையில் நாம் நிற்கிறோமே, அந்தக் க்யூவும் இதுவும் பிறப்பில் ஒன்றுதான். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு வால் என்று பொருள். ஆரம்ப காலத்தில் பந்தைத் தள்ள, தலை பருத்த ஒரு கட்டையை வைத்திருந்தார்கள். பந்து மேசை விளிம்பை ஒட்டி நின்றுவிட்டால் பருத்த தலை நுழையாது. அப்போது கட்டையைத் திருப்பிப் பிடித்து, மெலிந்த வால்பக்கத்தால் தட்டினார்கள். தலையைவிட வால் நன்றாக வேலை செய்தது. வாலே கோலாகிவிட்டது.

அமெரிக்கப் பூல் கூடங்களில் சுவரோரம் ஒரு சட்டத்தில் பொதுக்கோல்கள் வரிசையாக நிற்கும். ஒரே துண்டாக, ஏறக்குறைய 58 அங்குல நீளம், 18 முதல் 21 அவுன்ஸ் எடை. முன்பகுதி வெளிர்நிற மேப்பிள் மரம், கைப்பிடி கருத்த மரம். இரண்டும் சேரும் இடத்தில் நான்கு கூர்முனைகள் ஈட்டிபோல் மேலே ஏறியிருக்கும். நூல் சுற்று, முத்துச்சிப்பி வேலைப்பாடு எதுவும் கிடையாது. பத்துக் கை பட்டு, ஒன்று வளைந்திருக்கும், இன்னொன்றின் தோல்முனை பிய்ந்திருக்கும். நன்றாக ஆடுகிறவர்கள் அதனால்தான் சொந்தக் கோல் வைத்துக்கொண்டார்கள். நடுவில் திருகிக் கழற்றி, இரண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம்.

சிக்கல் அந்தப் பெட்டியில்தான். நம் தெருமுனைக் கேரம் மன்றத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவன் சட்டைப்பையிலிருந்து, துணியில் சுற்றிய சொந்த ஸ்ட்ரைக்கரை எடுத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவன் அந்த நொடியே உஷாராகிவிடுவான். பந்தயம் கட்டி ஆடுகிறவனுக்கு அது ஆகாது.

அமெரிக்காவில் இதையே பிழைப்பாகக் கொண்டவர்களை ஹஸ்லர் என்றார்கள். நெட் போல்ஸ்கி என்ற சமூகவியல் அறிஞர், தானும் பூல் ஆடுகிறவர், இவர்களோடு பழகி ஆராய்ந்து 1967இல் ஒரு புத்தகமே போட்டார். ஹஸ்லரின் முதல் விதி, தன் முழுத் திறமையை வெளியே காட்டக்கூடாது. மற்ற விளையாட்டுக்காரன் நல்ல அடி அடித்தால் நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைப்பான். இவன் அந்த ஆசையை அடக்க வேண்டும். எதிராளியைவிட ஒரு மயிரிழை மட்டும் மேலே ஆட வேண்டும், சில நேரம் வேண்டுமென்றே தோற்கவும் வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எதிராளிக்கு எவ்வளவு சலுகை தருவது என்று பேரம் நடக்கும். பாதி வெற்றி அந்தப் பேச்சிலேயே முடிந்துவிடும். மேசையில் நடப்பது மீதிப் பாதிதான்.

இப்படிப்பட்டவனுக்குத் தோதாக வந்த கோல்தான் "ஸ்னீக்கி பீட்". கமுக்கமான பீட்டர் என்று சொல்லலாம். மலிவு ஒயினுக்கும் அங்கே இதே பட்டப்பெயர் உண்டு. (நம் ஊரில் இங்கிலீஷில் அலட்டுகிறவனைத்தான் பீட்டர் என்கிறோம். இந்தப் பீட்டர் அதற்கு நேர் எதிர்.) தூரத்திலிருந்து பார்த்தால் சுவர்க்கோல். கையில் எடுத்தால் நடுவில் திருகு இருக்கும். பொதுவாக அந்த இணைப்பில் எஃகு வளையமோ அலங்கார வளையமோ பளபளக்கும். இதில் எதுவும் இல்லை, மேப்பிளோடு மேப்பிள் நேராக முட்டும். பூல் கூடத்தில் விளக்கு மேசைக்கு மேலே தாழத் தொங்கும், சுற்றிலும் அரை இருட்டு. அந்த வெளிச்சத்தில் தலைமுடி அளவுக் கோடு யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? அஞ்ஞாதவாசம் போகும்போது பாண்டவர்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் கட்டி வைத்தார்களே, அந்த ரகம். ஆனால் அங்கே காண்டீபத்தை ஒளித்து வைத்தார்கள், இங்கே எல்லோர் கண்ணெதிரேயும் கையில் பிடித்து ஆடினார்கள்.

இதுவரை கேட்டால், பொதுக்கோல் மட்டமான சாமான், ஸ்னீக்கி பீட் அதன் வேஷம் போட்ட நல்ல சாமான் என்று தோன்றும். எனக்கும் சுவாரசியம் தட்டியது இங்கேதான். மரவேலையின் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

அந்த நான்கு கூர்முனைகள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. கைப்பிடிக் கட்டையையும் முன்கட்டையையும் ஆப்பு ஆப்பாக வெட்டி, இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போல ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பசை போட்டு இறுக்கி, பிறகு கடைசலில் உருட்டுவார்கள். உருண்டையாகக் கடையும்போது ஆப்புகள் கூர்முனைகளாக வெளியே தெரிகின்றன. முழுப்பிணைப்பு என்று சொல்லலாம். கைப்பிடிப் பக்கம் கருங்காலி, ஈட்டி போன்ற கனத்த மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிக்கும் இந்தத் தொழிலில் மதிப்பு உண்டு. பின்னால் வந்த பல அலங்காரக் கோல்களில் கூர்முனைகளைத் தனியாகப் பதித்துவிட்டு, கைப்பிடியைத் திருகாணி வைத்து இணைப்பார்கள். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் மலிவான சுவர்க்கோலில் இருந்தது பழைய, கடினமான, உறுதியான பிணைப்பு.

பிரன்ஸ்விக் என்ற பெரிய கம்பெனி டைட்லிஸ்ட் என்ற பெயரில் இப்படி ஒற்றைத் துண்டுக் கோல்களைச் செய்து கூடங்களுக்கு விற்றது. சிகாகோவில் ஹெர்மன் ராம்போ என்ற கைவினைஞர் இருந்தார். வில்லி ஹாப்பி, வில்லி மோஸ்கோனி போன்ற பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கோல் செய்தவர். மோஸ்கோனி யாரென்றால், 1954இல் ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தவறும் இல்லாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் பாக்கெட்டில் போட்டவர். இப்படிப்பட்டவர்களுக்குக் கோல் செய்த ராம்போ, டைட்லிஸ்ட் கோலை வாங்கி, நடுவில் அறுத்து, திருகு வைத்துத் தனிக்கோலாக்குவார். அவருக்கு அடுத்த தலைமுறையில் ஜார்ஜ் பலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, 1924இல் அமெரிக்கா வந்தவர், தச்சுவேலை தெரிந்தவர். 1959இல் நியூயார்க்கில் கோல் செய்யத் தொடங்கி, 1975இல் மறையும்வரை செய்தார். கோல் உலகில் அவர் பெயரை வயலின் உலகத்து ஸ்ட்ராடிவாரியோடு வைத்துப் பேசுவார்கள். அவருடைய கோல்களிலும் பலவற்றின் உடம்பு டைட்லிஸ்ட் கட்டைதான்.

கவனித்தீர்களா? சுவரில் சாத்திய பொதுக்கோலும் மேதைகள் கையில் இருந்த கோலும் ஒரே கட்டையிலிருந்து வந்தவை. நூல் சுற்றும் வளையமும்தான் பிறகு போட்ட வேஷம். அவற்றைப் போடாமல் விட்டால் தெரிவது பழைய முகம். அதை ஏமாற்றுக்காரன் கோல் என்பது வரலாற்றுக்கு அநியாயம்.

ஏமாற்று நடந்தது உண்மை, அதை நான் மூடிமறைக்கவில்லை. வாரக்கூலியைத் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஹஸ்லரை வீரனாக்கும் சினிமாவில் அவர்கள் முகம் வருவதே இல்லை. ஆனால் அவர்களைத் தோற்கடித்தது "எனக்கு அவ்வளவா ஆட வராது" என்று சொன்ன வாய். நிஜமான சுவர்க்கோலை எடுத்து ஆடியிருந்தாலும் அவன் ஜெயித்திருப்பான்.

இந்தப் பிழைப்புக்கு முடிவு வந்த விதமும் வேடிக்கை. 1961இல் "தி ஹஸ்லர்" படம் வந்தது. அதே ஆண்டு இலினாய் மாநிலத்தின் சிற்றூரான ஜான்ஸ்டன் சிட்டியில் ஜான்ஸ்கோ சகோதரர்கள் ஹஸ்லர்களையெல்லாம் கூப்பிட்டுப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சி வந்தது. முகத்தை ஒளித்துப் பிழைத்தவர்களின் முகம் ஊரெல்லாம் தெரிந்துபோனது. 1972இல் அந்தப் போட்டியில் மத்திய அதிகாரிகள் புகுந்து சோதனை போட்டார்கள். அதோடு அந்தப் போட்டியும் முடிந்தது. இன்று ஸ்னீக்கி பீட் என்ற பெயரிலேயே கடையில் விற்கிறார்கள். பார்த்தவுடன் எல்லோருக்கும் தெரியும். எதையும் ஒளிக்க முடியாத ஒன்றை வைத்து யாரை ஏமாற்றுவது?

ஆகவே மருமகனே, வாங்கு. ஆனால் பார்த்து வாங்கு. முதலில் கேட்க வேண்டியது, முழுப்பிணைப்புக் கட்டையா, அதைச் செய்தவர் இவரேயா, வெளியே வாங்கியதா என்று. வெளியே வாங்கினாலும் குறை இல்லை, ராம்போவே அப்படித்தான் செய்தார். நான்கு கூர்முனைகளும் ஒரே உயரத்தில் முடிகின்றனவா என்று பார். கோலைத் திருகிச் சேர்த்து, இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார், தட்டக்கூடாது. இரண்டு பக்கத்து மேப்பிளும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். முன்தண்டு நாளாக ஆகக் கைபட்டும் சுண்ணப்பொடி பட்டும் கருக்கும், அதைத் தடுக்க முடியாது. சேர்த்தபடியும் தனித்தனியாகவும் மேசையில் உருட்டி நேர் பார். உன் பணம் போக வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாதவை: எடை, எடை எங்கே நிற்கிறது, தண்டு மெலிந்து வரும் விதம், முனையின் குறுக்களவு. ஓரத்தில் சின்னதாக ஒரு பூ வைக்கட்டுமா என்று செய்பவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடு.

இன்னொன்று. 1986இல் வந்த "தி கலர் ஆஃப் மணி" படத்தில் பலபுஷ்கா கோல் ஒன்று பெரிய பொக்கிஷமாக வரும். பால் நியூமனுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்த படம். படப்பிடிப்பில் பயன்படுத்தியது பலபுஷ்கா செய்த கோல் அல்ல, ஜாஸ் என்ற கம்பெனி அதே சாயலில் செய்து கொடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பலபுஷ்கா கோல் தேடி அலைந்தவர்கள் ஏராளம்.