வங்கச் சிறுவரைச் சிரிக்கவைத்த பேய்கள்

சோறுண்ண மறுக்கும் குழந்தையைப் பூச்சாண்டியின் பெயர் சொல்லி அடக்குவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். சோறு செரித்துவிடுகிறது, அச்சம் செரிப்பதில்லை. நாம் வந்து வாழும் வங்கத்திலோ ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேயையும் பூதத்தையும் பிள்ளைகளின் தோழர்களாக்கினர். அவ்வரலாறு நாம் அறியத்தக்கது.

உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி 1913 ஆம் ஆண்டு ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். வங்க மொழியில் அச்சொல் செய்தியையும் குறிக்கும்; இனிப்பையும் குறிக்கும். எழுத்து, ஓவியம், அச்சு ஆகிய மூன்றிலும் வல்லவர் அவர். 1915 இல் அவ்விதழில் கூபி என்னும் பாடகன், பாகா என்னும் மேளக்காரன் ஆகியோரின் கதையை எழுதினார். மனிதர் சகியாது துரத்திய அவ்விருவரின் இசையைக் காட்டுப் பேய்கள் கேட்டு மகிழ்ந்து வரமளிக்கின்றன. அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் மறைந்தார்.

இதழின் பொறுப்பை ஏற்ற மகன் சுகுமார் ராய், புதிய விலங்குகளையே படைத்தார். வாத்தும் முள்ளம்பன்றியும் ஓருடலாயின. யானையும் திமிங்கிலமும் ஒன்றாயின. சிரிப்பதே குற்றம் என்றிருக்கும் விசித்திரப் பிறவிகளும் அவர் பாடல்களில் உலவுகின்றன. காலா அசார் நோயில் கிடந்தபோதும் ‘ஆபோல் தாபோல்’ நூலை அச்சுக்கு ஒழுங்குசெய்தார். 1923 செப்டம்பர் 10 இல் அவர் காலமானார். நூல் ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது. வங்கத்தையே சிரிக்கவைத்த அந்நூலை அச்சில் முழுமையாகக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அப்போது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தவரே சத்யஜித் ராய். நின்றுபோன ‘சந்தேஷ்’ இதழை 1961 இல் மீண்டும் தொடங்கினார். தம் மகனின் விருப்பத்திற்கிணங்கப் பாட்டனாரின் கதையை 1969 இல் திரைப்படமாக்கினார். அதில் அரசர், குடியானவர், வெள்ளையர், பருத்த உடலினர் என நால்வகைப் பேய்கள் நடனமாடுகின்றன. அந்நடனத்திற்கு அவர் தேர்ந்த கருவிகள் மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகிய நான்கே! வங்கப் பேய்களை ஆடவைத்தது நம் தாளவாத்தியக் கச்சேரி என்பது எண்ணி மகிழத்தக்கது.

பேய்கள் கூழ் சமைத்துண்ணும் காட்சியைக் கலிங்கத்துப்பரணியில் நகைச்சுவை ததும்பக் காட்டிய மரபும் நம்முடையதே. ஆயினும் இங்கு வளரும் நம் பிள்ளைகள் வங்க மொழியில் பேயோடு சிரிக்கவும், தமிழில் பேய்க்கு அஞ்சவும் கற்கின்றனர். எம்மொழியில் சிரித்து வளர்கிறார்களோ அம்மொழியே அவர்தம் நெஞ்சில் நிலைக்கும். ஆதலின், இன்றிரவு சோறூட்டும் வேளையில் பூச்சாண்டியை வெளியே நிறுத்தாதீர்கள். உள்ளே அழைத்து, அவனுக்கும் ஒரு கவளம் கொடுத்து, தமிழில் ஒரு வேடிக்கைக் கதை சொல்லுங்கள்.