ஆளில்லாத் தீவுகளும் நம் வீட்டுச் சுவர்களும்

மனிதர் குடியிராத இடத்திற்கு வரலாறு ஏது என்று கேட்போர் உண்டு. அங்கே அரசர் எவரும் ஆளவில்லை; கோட்டை எழவில்லை; போர் நிகழவில்லை. பின் எதை எழுதுவது என்பது அவர்தம் வினா. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், கரையை ஒட்டிச் சரம் தொடுத்தாற்போல் அமைந்த 21 சிறு தீவுகளைப் பற்றியும் நம்மில் பலர் அவ்வாறே எண்ணியிருக்கின்றோம். அவ்வெண்ணம் பிழையானது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வசதி படைத்தோர் தமக்கெனத் தனிப்படகு அமர்த்திக்கொண்டு, விடியலிற் புறப்பட்டு, ஆளில்லாத் தீவுகளில் ஒரு பகலைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புவது இன்று உலகெங்கும் பெருகிவரும் வழக்கம். ஆனால் நம் கடலிலுள்ள இத்தீவுகளில் விரும்பியவர் விரும்பியபோது இறங்கிவிட இயலாது. 1986ஆம் ஆண்டில் இந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் இசைவின்றி அங்கே காலடி வைத்தல் கூடாது. ஆதலின் நேயர்களே, வாருங்கள்! எண்ணத்தையே தோணியாக்கி, ஒரு பகற்பொழுது இத்தீவுகளைச் சுற்றி வருவோம்.

பெயர்கள் கூறும் செய்தி

பாம்பனை அடுத்த குந்துகால் துறையிலிருந்து புறப்படுகிறோம். முதலில் மண்டபம் பகுதித் தீவுகள்: சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு. இவற்றுள் குருசடை கல்வியுலகம் நன்கறிந்த தீவு. அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927இலேயே ஒரு தனி நூல் வெளியிட்டது. உயிர்நூல் கற்போர் அதனைத் தம் சொர்க்கம் என்றே போற்றுவர்.

மேலும் தென்மேற்கே சென்றால் கீழக்கரைப் பகுதித் தீவுகள்: முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். அதன்பின் வேம்பார்ப் பகுதியில் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகிய மூன்று. இறுதியாகத் தூத்துக்குடிப் பகுதியில் வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி ஆகிய நான்கு.

இப்பெயர்களைச் சற்றே நிறுத்திப் படித்துப் பாருங்கள். உப்புத்தண்ணி என்றும் நல்லதண்ணி என்றும் பெயரிட்டவன் அங்கே இறங்கி, மணலைத் தோண்டி, நீரை வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்தவனாகத்தானே இருக்க முடியும்? 'பார்' என்பது நீருக்கடியிலுள்ள பாறைத் திட்டுக்குக் கடலோடிகள் வழங்கும் சொல். முத்துச் சிப்பி விளையும் இடத்தை முத்துப்பார் என்பர். 'சல்லி' என்பது உடைந்த பவளக் கற்குவியல். இப்பெயர்களைச் சூட்டியவர்கள் இத்தீவுகளை அடி அடியாக அறிந்தவர்கள். அவர்கள் அங்கே வீடு கட்டவில்லை. ஆனால் அவர்கள் வாழ்வு அத்தீவுகளைச் சுற்றியே நடந்தது. ஆள் குடியிராத தீவுகள் எனலாம். ஆள் அறியாத தீவுகள் எனல் ஆகாது.

முத்தும் சங்கும்

நம் கரையை அரபு வணிகர் 'மஅபர்' என்றனர். கடக்கும் இடம் என்பது அதன் பொருள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இலங்கைக்கும் மஅபருக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலில் நடைபெற்ற முத்துக்குளிப்பை விரிவாக எழுதி வைத்தார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாமீன் தீண்டாதவாறு மந்திரம் செய்வோருக்கு இருபதில் ஒரு பங்கு என்பது அவர் தரும் கணக்கு.

1344ஆம் ஆண்டளவில் உலகப் பயணி இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஅபருக்குக் கலமேறினார். காற்று வலுத்தது. கலம் பாறைகளை நெருங்கி, பின்னர் ஆழமற்ற நீரில் தரைதட்டி நின்றுவிட்டது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். மரங்களைப் பிணைத்து மிதவை கட்டினர். உடன்வந்தோரை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் மட்டும் சிலரோடு இரவெல்லாம் கலத்தின் பின்பகுதியில் தங்கியிருந்தார். விடிந்தபின் கரையோர மக்கள் தம் படகில் வந்து அவரைக் காப்பாற்றினர். இந்தக் கடலின் மேடு பள்ளங்களை அறியாதவர்க்கு நேரும் துன்பம் அது. அறிந்தவர்களோ தலைமுறை தலைமுறையாக அதிலேயே பிழைத்தனர்.

அவ்வாறு பிழைத்தவர்களுள் பரதவரும் இருந்தனர். கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தனர். இடையிற் கயிறும் காலிற் கல்லுமாக மூச்சடக்கி மூழ்கி, முத்துச் சிப்பியும் சங்கும் எடுத்து வந்தனர். முத்து, சங்கு குளிப்புத் துறையின் அதிகாரியாக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் சங்கைப் பற்றி 1914இல் ஒரு நூலே எழுதினார். நம் கடலின் சங்கு வங்காளம் சென்று, டாக்காப் பட்டறைகளில் வளையாக அறுக்கப்பட்டு, அங்குள்ள மணப்பெண்களின் கைகளை அணிசெய்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உமறுப்புலவரைப் புரந்த வள்ளல் சீதக்காதி கீழக்கரையின் பெருவணிகர். அவ்வூரின் செல்வத்திற்கெல்லாம் இக்கடலே ஊற்று எனில் மிகையன்று. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று, மீண்டும் நடைபெறவில்லை.

மறைந்த தீவுகள் இரண்டு

இனி நம் தோணியை நிறுத்த வேண்டிய இடத்திற்கு வந்திருக்கிறோம். மேலே சொன்ன 21 பெயர்களில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று பெயரளவில் மட்டுமே தீவுகள். நீர்மட்டத்திற்கு மேல் அவை இல்லை. ஒன்றின் பெயரில் பூவரச மரம் நிற்கிறது. அம்மரம் நிற்பதற்கு மண் இல்லை. எஞ்சியவை 19.

எவர் அழித்தார்? புயல் மட்டும் அன்று. பகைவர் எவரும் அல்லர். பவளம் சிற்றுயிர்கள் கூடிக் கட்டும் சுண்ணக்கல். தீவைச் சூழ்ந்து நிற்கும் அப்பாறையே அலையின் விசையைத் தாங்கி மணலைக் காக்கும் மதில். அந்த மதிலைப் பெயர்த்துப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்தோம். சுட்டால் சுண்ணாம்பு, அடுக்கினால் சுவர். பிற்காலத்தில் கார்பைடு முதலியன செய்யும் ஆலைகளுக்கும் அது மூலப்பொருளாயிற்று. 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்தவர்கள் அதிற் பவளக்கல்லைக் கண்டிருப்பர். கடற்கரை ஊர்களின் பழைய வீடுகள் பலவும் அவ்வாறு எழுந்தவையே.

இதில் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இடுப்பளவு நீரில் நின்று கடப்பாரையால் கல் பெயர்த்தவர் அன்றாடக் கூலிக்கு உழைத்த ஏழை. அக்கல்லால் மாடி எழுப்பியவர் வேறு. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டபின், அதனை எடுத்தல் கடுங்குற்றமாயிற்று. தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி சேகரித்துக் குடும்பம் காத்த பெண்களின் பிழைப்பும் பூங்காவின் கட்டுப்பாடுகளுக்குள் வந்து சுருங்கிற்று. தீவைக் கரைத்த பயன் ஒருவருக்கு. அதனைக் காக்கும் சுமை மற்றொருவருக்கு. காவல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ளாத காவல் நெடுநாள் நிலைக்காது என்றே கூறுகிறோம்.

காக்கும் பணியும் நடைபெறாமல் இல்லை. தேய்ந்து சிறுத்துவிட்ட வான் தீவைச் சுற்றி 2015க்குப்பின் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகள் கடலில் இறக்கப்பட்டன. காரைச்சல்லியும் சுருங்கிவருகிறது. காரை என்பது சுண்ணச் சாந்து. சல்லி என்பது பவளக்கல். தனக்கு நேரவிருந்ததைத் தன் பெயரிலேயே தாங்கி நின்ற தீவு அது!

பொழுது சாய்கிறது, நம் தோணியும் கரை சேர்கிறது. தீவில் இறங்கவில்லையே என்று வருந்த வேண்டாம். கடற்கரை ஊர்களில் பாட்டனார் காலத்து வீடு வைத்திருப்போர் காரை உதிர்ந்த சுவரருகே குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். சிறுசிறு விண்மீன்களைப் போன்ற துளைகள் நிறைந்த வெண்கல் ஒன்று அங்கே தென்படக்கூடும். அது கடலிலிருந்து நம் முன்னோர் வாங்கிவந்த கடன். அதனைத் திருப்பித் தர நம்மால் இயலாது. எஞ்சிய 19ஐயும் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம்மால் இயலும்.