செமாடெக்

செமாடெக் என்பது குறைக்கடத்திச் சில்லுகளின் உற்பத்தி முறைகளை மேம்படுத்துவதற்காக, தம்முள் போட்டியிடும் 14 அமெரிக்க நிறுவனங்கள் 1987 ஆம் ஆண்டில் இணைந்து தொடங்கிய ஆய்வுக் கூட்டமைப்பு ஆகும். குறைக்கடத்தி உற்பத்தித் தொழில்நுட்பம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே இப்பெயர். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இதன் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. போட்டி நிறுவனங்கள் கூடி ஆய்வு செய்வதால் புத்தாக்கம் வளர்கிறதா, தளர்கிறதா என்னும் வினாவை ஆராயும் பொருளியலாளர்கள் இதனைப் பெரிதும் எடுத்துக்காட்டுவர்.

பின்னணி

1970களில் உலகச் சில்லுச் சந்தையில் அமெரிக்க நிறுவனங்கள் முன்னணியில் இருந்தன. ஜப்பானில் 1976 முதல் 1980 வரை, அரசின் நிதியுதவியுடன் புஜிட்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிசி எலக்ட்ரிக், என்.இ.சி., தோசிபா ஆகிய ஐந்து நிறுவனங்களும் பேரளவுத் தொகுசுற்றுக்கள் பற்றிக் கூட்டாக ஆய்வு செய்தன. 1980களின் நடுப்பகுதியில் நினைவகச் சில்லுச் சந்தையின் பெரும்பகுதி ஜப்பானிய நிறுவனங்களிடம் சென்றது. 1985 இல் இன்டெல் நிறுவனம் டிரேம் எனப்படும் நினைவகச் சில்லுகளின் தயாரிப்பிலிருந்து விலகியது.

அமெரிக்காவில் போட்டி நிறுவனங்கள் கூடிச் செயற்படுவதை ஏகபோகத் தடுப்புச் சட்டங்கள் கட்டுப்படுத்தி வந்தன. 1984 ஆம் ஆண்டின் தேசியக் கூட்டு ஆய்வுச் சட்டம் இத்தடையைத் தளர்த்தியது. இதன்படி, முறையாகப் பதிவு செய்யப்பட்ட கூட்டாய்வின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டாலும், மும்மடங்கு இழப்பீட்டுக்கு மாறாக உண்மையான இழப்பு மட்டுமே கோரப்படலாம்.

அமைப்பும் நிதியும்

ஐ.பி.எம்., இன்டெல், மோட்டோரோலா, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், ஏ.டி.அண்ட்.டி., ஹியூலட்-பக்கார்ட் முதலியன தொடக்க உறுப்பினர்களாக இருந்தன. ஆண்டுச் செலவு ஏறத்தாழ 20 கோடி டாலர். இதில் பாதியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வழங்கியது. ஒவ்வொரு உறுப்பினரும் தனது சில்லு விற்பனை வருவாயில் 1 விழுக்காட்டைக் கட்டணமாகச் செலுத்தியது. இக்கட்டணம் 10 இலட்சம் டாலருக்குக் குறையாமலும் 1.5 கோடி டாலருக்கு மேற்படாமலும் இருந்தது. உறுப்பு நிறுவனங்கள் தமது பொறியாளர்களையும் குறிப்பிட்ட காலத்துக்கு அனுப்பி வைத்தன.

தொகுசுற்றைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரும் இன்டெல் நிறுவனர்களுள் ஒருவருமான ராபர்ட் நாய்ஸ் 1988 இல் இதன் தலைமை அலுவலராகப் பொறுப்பேற்று, 1990 இல் இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார்.

ஆய்வுத் திசை மாற்றம்

புதிய உற்பத்தி முறைகளைக் கூட்டாக உருவாக்கி, அவற்றை உறுப்பினர்களுக்கு வழங்குவதே முதல் நோக்கமாக இருந்தது. எனினும் உற்பத்தி முறை என்பது ஒரு சில்லு நிறுவனத்தைப் பிறிதொன்றிலிருந்து வேறுபடுத்தும் தொழில் மறைபொருள் ஆகும். அதனைப் போட்டியாளர்களுடன் பகிர்ந்துகொள்ளப் பல உறுப்பினர்கள் தயங்கினர்.

இதனால் கூட்டமைப்பின் கவனம் சில்லு தயாரிக்கும் இயந்திரங்களையும் மூலப்பொருட்களையும் வழங்கும் நிறுவனங்களின் பக்கம் திரும்பியது. இயந்திரங்கள் அனைவருக்கும் பொதுவாகத் தேவைப்படுபவை. அவற்றின் தரம் உயர்ந்தால் எல்லா உறுப்பினர்களும் பயனடைவர். எவருடைய மறைபொருளும் வெளிப்படாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரே இயந்திரத்தைத் தனித்தனியே சோதித்துப் பார்க்கும் செலவும் இதனால் குறைந்தது.

இம்முயற்சிகள் அனைத்தும் வெற்றி பெறவில்லை. சில்லின் மீது மின்சுற்று வடிவத்தை ஒளியால் பதிக்கும் இயந்திரங்களைச் செய்துவந்த ஜி.சி.ஏ. நிறுவனத்துக்குச் செமாடெக் பெருமளவில் உதவியது. ஆயினும் அந்நிறுவனம் 1993 இல் மூடப்பட்டது.

விமர்சனங்கள்

எல்.எஸ்.ஐ. லாஜிக், மைக்ரான் ஆகிய நிறுவனங்கள் 1992 இல் விலகின. உற்பத்தி முறை ஆய்வைக் கைவிட்டு இயந்திர நிறுவனங்களுக்குப் பணம் செலவிடுவது தமக்குப் பயன்தரவில்லை என்னும் கருத்து விலகியவர்களிடையே இருந்தது. உறுப்பினரல்லாத சிறிய நிறுவனங்களின் தரப்பில், சைப்ரஸ் நிறுவனத் தலைவர் டி. ஜே. ராஜர்ஸ் கடுமையான விமர்சனத்தை முன்வைத்தார். பொதுப்பணத்தின் பயன் பெரிய நிறுவனங்களுக்கே செல்கிறது என்பது அவரது வாதத்தின் சாரம்.

புத்தாக்கத்தின் மீதான தாக்கம்

கூட்டாய்வு குறித்து இரண்டு கருதுகோள்கள் உள்ளன. முதலாவதன்படி, ஒரு நிறுவனம் கண்டறிந்ததைப் பிறர் எளிதில் பின்பற்றிவிடுவதால், தனித்து ஆய்வு செய்யும் ஊக்கம் குறைகிறது. கூட்டமைப்பு இக்குறையை நீக்கினால் மொத்த ஆய்வுச் செலவு உயர வேண்டும். இரண்டாவதன்படி, ஒரே ஆய்வைப் பலர் தனித்தனியே செய்யும் வீண் செலவு கூட்டமைப்பால் தவிர்க்கப்படுகிறது. அவ்வாறாயின் மொத்தச் செலவு குறைய வேண்டும்.

டக்ளஸ் இர்வின், பீட்டர் க்ளெனோ ஆகிய பொருளியலாளர்கள் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், செமாடெக் உறுப்பினர்களின் மொத்த ஆய்வுச் செலவு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டனர். இது இரண்டாவது கருதுகோளுடன் பொருந்துகிறது. எனினும் ஆய்வுச் செலவு குறைந்ததைக் கொண்டு புத்தாக்கம் குறைந்தது என முடிவு செய்ய இயலாது. அதே விளைவு குறைந்த செலவில் கிடைத்திருக்கலாம்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்கள் உலகச் சந்தையில் மீண்டும் முதலிடம் பெற்றன. இதில் செமாடெக்கின் பங்கு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நுண்செயலிகளின் வளர்ச்சி, 1986 ஆம் ஆண்டின் அமெரிக்க-ஜப்பான் குறைக்கடத்தி ஒப்பந்தம், நினைவகச் சில்லுச் சந்தையில் தென் கொரிய நிறுவனங்களின் எழுச்சி ஆகியனவும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

பிற்காலம்

அரசு நிதியுதவி தேவையில்லை என 1994 இல் செமாடெக் முடிவு செய்தது. 1996 உடன் அது நின்றது. 1990களின் பிற்பகுதியில் வெளிநாட்டு நிறுவனங்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. ஒரு நாட்டின் தொழிலைக் காக்கத் தொடங்கிய கூட்டமைப்பு இவ்வாறு பன்னாட்டு அமைப்பாக மாறியது. பின்னர் இதன் பணிகள் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகருக்கு மாற்றப்பட்டன. 2015 இல் இது நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பல்தொழில்நுட்ப நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

குறைக்கடத்தி
தொகுசுற்று
காப்புரிமை
ராபர்ட் நாய்ஸ்