வயிற்றில் ஒரு ஜன்னல்

சாப்பிட்டது உள்ளே போய் என்ன ஆகிறது என்று இன்றைக்கு எட்டாங்கிளாஸ் பையனைக் கேட்டால் இரைப்பை, ஹைட்ரோகுளோரிக் அமிலம், பெப்சின், சிறுகுடல் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இது பெரிய பெரிய டாக்டர்களுக்கே சரியாகத் தெரியாது. வயிறு ஒரு அடுப்பு, உள்சூட்டில் சாப்பாடு வேகிறது என்றது ஒரு கோஷ்டி. இல்லை, அது ஆட்டுக்கல், அரைத்துத் தள்ளுகிறது என்றது இன்னொன்று. புளிக்கிறது என்றும் சிலர், அழுகுகிறது என்றும் சிலர். இது எதுவும் ஒத்துவராதவர்கள் "உயிர்சக்தி" என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். (காரணம் தெரியாத பிழைக்கு நாங்கள் "நெட்வொர்க் பிரச்னை" என்று சொல்வோமே, அந்த மாதிரி.)

சும்மா வாதாடாமல் செய்து பார்த்தவர்களும் இருந்தார்கள். 1752-ல் பிரான்ஸின் ரெயோமூர், தான் வளர்த்த பருந்துக்கு இரண்டு பக்கமும் திறந்த உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து விழுங்கக் கொடுத்தார். ஜீரணமாகாததைப் பருந்து எப்படியும் வெளியே கக்கிவிடும். குழாய் நசுங்காமல் வந்தது, உள்ளே இருந்த இறைச்சி கரைந்திருந்தது. ஆக ஆட்டுக்கல் கதை காலி, ஏதோ ஒரு திரவம்தான் வேலை செய்கிறது. பிறகு இத்தாலியின் ஸ்பல்லன்சானி பறவை, தவளை, மீன் என்று ஒரு மிருகக்காட்சிசாலையையே சோதித்துவிட்டு, கடைசியில் துணிப்பையில் உணவைக் கட்டித் தானே விழுங்கிப் பார்த்தார். 1824-ல் லண்டனில் வில்லியம் பிரௌட், விலங்குகளின் வயிற்று நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதினார். நிறையப் பேர் நம்பவில்லை. அவ்வளவு காட்டமான அமிலம் உயிருள்ள உடம்புக்குள் எப்படி இருக்கும் என்பது நியாயமான சந்தேகம்தானே.

உயிரோடு இருக்கும் மனுஷனின் வயிற்றுக்குள் நேராக எட்டிப் பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடும். ஆனால் எப்படி? எண்டோஸ்கோப் எல்லாம் வர இன்னும் பல காலம் ஆகும்.

வழி ஒரு துப்பாக்கி வெடித்ததில் கிடைத்தது.

1822 ஜூன் 6. அமெரிக்காவின் மேக்கினா தீவு. மிச்சிகன் ஏரியும் ஹியூரான் ஏரியும் சேரும் இடம். விலங்குத் தோல் வியாபாரத்துக்கு அந்தக் காலத்தில் அதுதான் சந்தை. அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் கடையில் கூட்டம். யாரோ கையில் வைத்திருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. இரண்டு மூன்றடி தூரத்தில் நின்ற ஒரு இளைஞனின் இடது மார்புக்குக் கீழே குண்டு பாய்ந்தது. பெயர் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவின் பிரெஞ்சுக்காரன், படகு வலிக்கிற கூலி, வயது இருபதுக்குப் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது.

ஓடி வந்தவர் பக்கத்துக் கோட்டையின் ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட். இவர் எந்தக் கல்லூரியிலும் மருத்துவம் படித்தவர் இல்லை. வெர்மான்ட்டில் ஒரு டாக்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். அவர் பார்த்த காட்சி: உள்ளங்கை அளவுக்குக் காயம், விலா எலும்பு உடைந்திருக்கிறது, வான்கோழி முட்டை அளவுக்கு நுரையீரல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே வயிற்றில் விரல் நுழையும் ஓட்டை, அதன் வழியாகக் காலைச் சாப்பாடு வழிகிறது. பிழைக்கமாட்டான் என்றுதான் அவரும் நினைத்தார்.

பையன் பிழைத்துவிட்டான். முதல் பதினேழு நாள் வாயில் போட்டதெல்லாம் ஓட்டை வழியாகவே வெளியே வந்தது. ஆசனவாய் வழியாகச் சத்து நீர் ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார் போமான்ட். பிறகு ஒரு அதிசயம் நடந்தது. வயிற்று ஓட்டையின் விளிம்பு உடம்பின் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆறியது. ஓட்டை மட்டும் மூடவில்லை. வயிற்றுக்குள் நேராக ஒரு வாசல். ஆரம்பத்தில் துணி வைத்து அழுத்திக் கட்டாவிட்டால் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். ஒன்றரை வருஷத்தில் இரைப்பையின் உள்தோலே மடிந்து, உள்ளிருந்து ஒரு கதவு மாதிரி வளர்ந்து ஓட்டையை அடைத்துக்கொண்டது. விரலால் தள்ளினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். இந்த மாதிரி ஒரு வால்வை எந்த மெக்கானிக்கல் எஞ்சினியரை விட்டாலும் டிசைன் செய்ய முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.

ஓட்டையைத் தைத்து மூடலாம் என்று தான் சொன்னதாகவும், அலெக்ஸிஸ் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் போமான்ட் எழுதியிருக்கிறார். உண்மையில் எவ்வளவு வற்புறுத்தினார் என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் ஒன்றை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். 1823-ல் ஊர் நிர்வாகம், இந்த ஏழைக்கு இனிமேல் செலவழிக்க முடியாது, படகில் ஏற்றிக் கனடாவுக்கே அனுப்பிவிடுகிறோம் என்றது. அந்த நிலைமையில் அனுப்பினால் வழியிலேயே செத்துப்போவான். போமான்ட் அவனைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ராணுவச் சம்பளம் கொஞ்சம்தான், குடும்பம் வேறு இருந்தது.

அலெக்ஸிஸ் தேறிய பிறகு அந்த வீட்டிலேயே விறகு வெட்டி, வேலைக்காரனாக இருந்தான். போமான்ட் இந்தக் கேஸை எழுதித் தன் மேலதிகாரியான சர்ஜன் ஜெனரல் லொவெல்லுக்கு அனுப்பினார். அது 1825 ஜனவரியில் மருத்துவப் பத்திரிகையில் வந்தது. எழுதியவர் பெயர்? ஜோசப் லொவெல்! பத்திரிகை செய்த குழப்பம், பின்னால் திருத்திவிட்டார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதின ரிப்போர்ட் மேனேஜர் பெயரில் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் போமான்ட் மேல் தனிப் பாசம் வரும்.

1825 ஆகஸ்ட் 1. மதியம் பன்னிரண்டு மணி. போமான்ட் பட்டு நூலில் வரிசையாகச் சில துண்டுகளைக் கட்டினார்: மசாலா போட்ட மாட்டிறைச்சி, உப்பு போட்ட பன்றிக் கொழுப்பு, பச்சை மாட்டிறைச்சி, வேகவைத்த மாட்டிறைச்சி, காய்ந்த ரொட்டி, நறுக்கின முட்டைக்கோஸ். எல்லாவற்றையும் ஓட்டை வழியாக உள்ளே விட்டார். அலெக்ஸிஸ் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். ஒரு மணிக்கு நூலை இழுத்துப் பார்த்தால் கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு இழுத்தால் கோஸ், ரொட்டி, கொழுப்பு, வேகவைத்த இறைச்சி நான்கும் நூலில் இல்லை. அதற்கப்புறம் அலெக்ஸிஸுக்கு வயிற்று வலி வந்து சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. தேதி, நேரம், என்ன போட்டது, என்ன வந்தது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். லாக் ஃபைல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு ஒரு வாரம் கழித்துச் செய்தது. ரப்பர் குழாய் வழியாக வயிற்று நீரை வெளியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே, அதாவது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, அதில் ஒரு துண்டு இறைச்சியைப் போட்டார். அதே மாதிரி இன்னொரு துண்டை நூலில் கட்டி வயிற்றுக்குள் விட்டார். வயிற்றில் இருந்தது இரண்டு மணி நேரத்தில் காணாமல் போனது. குப்பியில் இருந்தது மெதுவாக, சுமார் பத்து மணி நேரத்தில் கரைந்தது. மெதுவாகத்தான், ஆனால் கரைந்தது! உடம்புக்கு வெளியே, ஒரு கண்ணாடிக் குப்பியில். அப்படியானால் உயிர்சக்தி எங்கே போயிற்று? ஜீரணம் என்பது ரசாயனம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குளிரில் வைத்தால் அதே நீர் வேலை செய்யவில்லை என்பதையும் பார்த்தார். சில சமயம் குப்பியைச் சூடாக வைத்திருக்க அலெக்ஸிஸின் அக்குளிலேயே இடுக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நாள் முழுக்க அக்குளில் தன் வயிற்று நீரை வைத்துக்கொண்டு நடமாடுகிறவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அவன் யோசித்திருக்கிறான். அந்த வருஷமே, கனடா எல்லைக்குப் பக்கத்தில் போனபோது சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டான். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான், வயிற்றில் ஓட்டையோடு.

போமான்ட் விடவில்லை. ஃபர் கம்பெனி ஆட்கள் மூலமாகத் தேடிக் கண்டுபிடித்து, 1829-ல் குடும்பத்தோடு மிசிசிபி நதிக்கரையின் கிராஃபோர்ட் கோட்டைக்கு வரவழைத்தார். மறுபடியும் இரண்டு வருஷம் சோதனை. 1831-ல் அவன் மனைவிக்கு ஊர் ஞாபகம் வந்துவிட, குடும்பமே திறந்த படகில் கிளம்பியது. மிசிசிபியில் இறங்கி, ஒஹையோ நதியில் ஏறி, ஈரி ஏரி, ஒன்டாரியோ ஏரி என்று கடந்து மான்ட்ரியாலுக்கு. ஓட்டை வயிற்றுக்காரனின் உடல் தெம்புக்கு இதுவே சர்டிபிகேட்.

1832-ல் போமான்ட் உஷாராகிவிட்டார். ஒப்பந்தம் போட்டார். ஒரு வருஷத்துக்கு 150 டாலர், சாப்பாடு, துணி, தங்குமிடம். பதிலுக்கு அலெக்ஸிஸ் அவர் சொல்கிற இடத்துக்கெல்லாம் வர வேண்டும், சோதனைக்கு உடன்பட வேண்டும். கீழே கையெழுத்து இருக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நானும் முதல் வேலையில் சேரும்போது இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்துப் போட்டவன்தான். என் அடகு மூளையோடு நின்றது, இவனுடையது இரைப்பை. அதோடு நிற்காமல் அவனை ராணுவத்தில் சார்ஜென்ட் என்று பதிவு செய்து மாதம் 12 டாலர் சம்பளமும் வாங்கிக் கொடுத்தார்கள். சம்பளம் வந்தது நல்லதுதான். ஆனால் ராணுவத்தில் சேர்ந்துவிட்டால் நினைத்தபோது ஓடவும் முடியாதே!

1833-ல் புத்தகம் வந்தது. 238 சோதனைகள், 51 முடிவுகள். வயிற்று நீர் எப்போதும் தேங்கி நிற்பதில்லை, சாப்பாடு உள்ளே போனால்தான் சுரக்கிறது. காலி வயிற்றின் உள்சுவரில் நாக்கை வைத்துப் பார்த்தால் புளிப்பே இல்லை என்று எழுதியிருக்கிறார். (ஆமாம், படித்தது சரிதான். நாக்கை.) ஜுரம் வந்தால் சுரப்பு நின்று உள்தோல் காய்ந்துபோகிறது. அலெக்ஸிஸ் கோபப்பட்டால் வயிற்றில் பித்தநீர் வருகிறது. தொடர்ந்து குடித்த நாட்களில் உள்சுவர் சிவந்து புண்ணாகியிருக்கிறது, ஆனால் அவனுக்கு வலியே தெரியவில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நண்பர்கள் சிலருக்குத் தனியாக அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

எந்த உணவு எவ்வளவு நேரம் என்று ஒரு அட்டவணையும் உண்டு. வேகவைத்த சாதம் ஒரு மணி நேரம், வறுத்த பன்றிக்கறி ஐந்தே கால் மணி நேரம். இது இரைப்பையை விட்டுப் போகும் நேரம்தான், முழு ஜீரணம் இல்லை. சாதம் போன்ற மாவுப்பொருளுக்குப் பெரிய வேலை சிறுகுடலில்தான் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

வயிற்று நீரை வர்ஜீனியாவின் டங்ளிசனுக்கும் யேலின் சில்லிமனுக்கும் அனுப்பினார். டங்ளிசன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்று உறுதி செய்தார், பிரௌட் சொன்னது மனுஷனுக்கும் பொருந்தியது. ஆனால் அமிலத்தை மட்டும் ஊற்றினால் இறைச்சி அந்த மாதிரி கரையவில்லை. வேறு என்னவோ இருக்கிறது என்பது வரை போமான்ட் வந்துவிட்டார். அந்த என்னவோவை 1836-ல் ஜெர்மனியின் ஷ்வான் பிரித்தெடுத்து பெப்சின் என்று பெயர் வைத்தார். பிறகு பாவ்லோவ், நாய்களின் வயிற்றில் வேண்டுமென்றே வாசல் வைத்து ஜீரணத்தை ஆராய்ந்து 1904-ல் நோபல் வாங்கினார்.

1834-ல் அலெக்ஸிஸ் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போமான்ட் தன் செலவை ஈடுகட்டச் சொல்லி காங்கிரஸில் மனுப் போட்டார், தள்ளுபடி செய்துவிட்டார்கள். இருபது வருஷம் கடிதம் எழுதினார், பணம் தருகிறேன் என்றார், மகனையே அனுப்பினார். இவன் பதிலுக்கு எனக்கு உடம்பு சரியில்லை, குடும்பம் கஷ்டப்படுகிறது, பணம் அனுப்புங்கள் என்று யாரையாவது விட்டு எழுதவைப்பான். டாக்டர் கடிதங்களில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார், குடிகாரன், பிடிவாதக்காரன் என்று. எனக்கு இங்கேதான் டாக்டர் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்குகிறது. ஸ்பல்லன்சானி துணிப்பையைத் தானே விழுங்கினார். 1984-ல் பாரி மார்ஷல், வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் பாக்டீரியா என்று காட்ட அந்தக் கிருமியைத் தானே குடித்தார். போமான்ட் வேலை செய்தது அடுத்தவன் வயிற்றில். வலித்தது யாருக்கு என்பதை அவர் நோட்டில் அவரே எழுதி வைத்திருக்கும்போது, வரமாட்டேன் என்றவனைத் திட்ட எப்படி மனசு வந்தது? அதே சமயம், அந்த டாக்டர் இல்லையென்றால் திட்டு வாங்க அவன் இருந்திருக்கவே மாட்டான். இரண்டு நாளாக இந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

1853-ல் போமான்ட், செயின்ட் லூயிஸில் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து, அதனாலேயே இறந்துபோனார். பிழைக்கமாட்டான் என்று அவர் நினைத்த ஆள் அதற்குப் பிறகும் 27 வருஷம் வாழ்ந்தான். விறகு வெட்டினான், விவசாயம் செய்தான், நடுவில் ஒரு ஆசாமியோடு ஊர் ஊராகப் போய் வயிற்றைக் காட்டிச் சம்பாதித்தும் பார்த்தான். குண்டு பட்டு 58 வருஷம் கழித்து, 1880 ஜூன் 24-ல் செத்தான்.

அந்த இரைப்பையை வாஷிங்டனின் ராணுவ மருத்துவ மியூசியத்தில் வைக்க வேண்டும் என்று அப்போது மான்ட்ரியாலில் இருந்த வில்லியம் ஆஸ்லர் ஆசைப்பட்டார். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற டாக்டர். அவருக்கு ஒரு தந்தி வந்தது: பிரேதப் பரிசோதனைக்கு வராதீர்கள், கொன்றுவிடுவார்கள் என்று. குடும்பத்தார் அந்த வெயில் காலத்தில் உடலை வேண்டுமென்றே நாள் கடத்தி வைத்திருந்தார்கள். நாற்றம் தாங்காமல் பூசையின்போது பெட்டியை தேவாலயத்துக்கு வெளியிலேயே வைக்க வேண்டியதாயிற்று. பிறகு, எந்த டாக்டரும் தோண்டி எடுக்க முடியாதபடி எட்டு அடி ஆழத்தில் புதைத்தார்கள்.

போமான்ட் பெயரில் டெக்ஸாஸின் எல் பாஸோவில் ஒரு பெரிய ராணுவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அலெக்ஸிஸ் புதைக்கப்பட்ட கியூபெக்கின் சின்ன ஊரில், 1962-ல் கனடாவின் உடலியங்கியல் சங்கம் ஒரு கல்வெட்டு வைத்தது. வயிறு எட்டு அடிக்குக் கீழேதான் இருக்கிறது.