நிழற்படமும் வரலாறும்: ஐரோப்பிய அகதிச் சிறார்

யுத்தங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் படைத்தலைவரின் சூழ்ச்சிகளையும் உடன்படிக்கைகளின் வாசகங்களையும் விரித்துரைப்பர். வீடிழந்து, பெற்றோரைப் பிரிந்து அலைந்த சிறாரின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. சிறார் உடன்படிக்கைகளிற் கையொப்பமிடுவதில்லை. நினைவுக் குறிப்புகளை எழுதிவைப்போரும் மிகச் சிலரே. ஆதலின் அவர்தம் வாழ்வை அறிதற்கு நிழற்படம் தலையாய சான்றுகளுள் ஒன்றாயிற்று. 1948ஆம் ஆண்டில் டேவிட் சீமோர் எடுத்த படங்கள் அச்சான்றின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவன.

சீமோர் 1911இல் வார்சா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையார் நூல் வெளியீட்டாளர். பாரிசிற் கல்வி பயின்ற காலத்தில் நிழற்படத் துறையிற் புகுந்த அவர், ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் படம்பிடித்தார். 1939இல் அந்நாட்டு அகதிகளை ஏற்றி மெக்சிக்கோவுக்குச் சென்ற கப்பலில் அவரும் பயணஞ் செய்தார். அவ்வாண்டிலேயே மகாயுத்தம் மூண்டமையால் அவர் அமெரிக்காவில் தங்க நேர்ந்தது. போலந்திலிருந்த பெற்றோர் 1942இல் நாசிகளாற் கொல்லப்பட்டனர். ஆகவே, அகதிகளின் துயரத்தை அவர் அயலவராய் நின்று நோக்கினாரல்லர்.

யுத்தத்தாற் சீரழிந்த நாடுகளின் சிறார்க்கு உணவும் மருந்தும் அளித்தற்பொருட்டு ஐக்கிய நாடுகள் தாபனம் 1946 டிசெம்பரிற் சிறுவர் நிதியத்தை நிறுவியது. அதன் வேண்டுகோளை ஏற்று, 1948இல் சீமோர் ஆஸ்திரியா, கிரேக்கம், ஹங்கேரி, இத்தாலி, போலந்து ஆகிய நாடுகளுக்குச் சென்றார். கிரேக்கத்தில் அப்போது உள்நாட்டுப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்தது. அங்கே சிறுமியொருத்தி தனக்குக் கிடைத்த முதற் சோடிச் சப்பாத்தைக் கண்டு மகிழ்தலை அவர் படமாக்கினார். உரோமையிற் பார்வையையும் இரு கரங்களையும் இழந்த சிறுவனொருவன், புடைத்த எழுத்துகளை உதடுகளால் தடவி வாசித்தலையும் பதிவு செய்தார். இரக்கத்தை மட்டும் வேண்டிநிற்கும் படங்களல்ல இவை. இழப்பின் நடுவிலும் கற்கவும் களிக்கவும் முயலும் உள்ளங்களைக் காட்டுவன. இப்பயணத்திற் பிறந்த படங்கள் ‘ஐரோப்பாவின் சிறார்’ என்னும் பொருள்படும் தலைப்புடன் 1949இல் யுனெஸ்கோ தாபனத்தால் நூலாக வெளியிடப்பட்டன.

அவற்றுள் உலகப் புகழ் பெற்றது வார்சாவில் எடுக்கப்பட்ட ஒரு படமாகும். உளத்தாக்கமுற்ற சிறார்க்கான கல்விக்கூடத்தில் ஒரு சிறுமியிடம் அவளது வீட்டை வரையுமாறு கூறினர். அவள் கரும்பலகையிற் சுவரும் கூரையும் வரைந்தாளல்லள். சுண்ணக்கட்டியாற் சுழன்று சிக்குண்ட கோடுகளையே கிறுக்கினாள். கிறுக்கலின் முன்னே மிரண்ட விழிகளுடன் அவள் நிற்கின்றாள். 1948 டிசெம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகை அப்படத்தை வெளியிட்டது. செல்லப்பெயரன்றி முழுப்பெயர் குறிக்கப்படாமையின், அவள் நாசிகளின் வதைமுகாமில் வளர்ந்தவள் என்னும் கதை பின்னாளிற் படத்தோடு சேர்ந்து பரவலாயிற்று. சீமோர் 1956 நவம்பரிற் சூயெஸ் கால்வாய்ப் பகுதியிற் சுடப்பட்டு இறந்தமையால், அவரிடம் கேட்டுத் தெளியவும் வழியில்லாது போயிற்று. 2017ஆம் ஆண்டளவிலேயே ஆராய்ச்சியாளர் அவளை அடையாளங் கண்டனர். அவள் முகாமில் வளர்ந்தவளல்லள். யுத்தகாலத்தில் வார்சா தாக்கப்பட்டபோது காயமுற்ற அந்நகரச் சிறுமி என்பது புலனாயிற்று.

இதனாற் படத்தின் பெறுமதி குன்றிவிடவில்லை. விழிகளின் மிரட்சியும் கோடுகளின் குழப்பமும் மெய்யானவை. ஆனால், அவள் யார், எவ்விடத்தவள், யாது நேர்ந்தது என்பவற்றைப் படம் தானே உரைக்கவல்லதன்று. அவ்வெற்றிடத்தை ஊகம் நிரப்பியது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அவளது சொந்த வாழ்வு வேறொரு கதையால் மறைக்கப்பட்டிருந்தது. வீட்டை இழந்த ஒருத்தி தன் வரலாற்றையும் இழத்தல் இரண்டாவது இழப்பன்றோ?

ஆதலின் அகதிச் சிறாரைப் படம்பிடிப்போர் பெயரையும் ஊரையும் நேர்ந்ததையும் அக்கறையோடு குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பு வெளியிடத்தகாததாயின் காத்துவைக்கப்படுதல் வேண்டும். வரலாறு பயில்வோரும் படத்தைக் கண்டு இரங்குவதோடு அமையாது, அதனுடன் வழங்கும் உரையையும் ஏனைச் சான்றுகள்போல ஆராய்தல் கடனாகும். அச்சிறார்க்கு வரலாற்றாசிரியர் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.