அசுரர்: ஒரு சொல்லின் வீழ்ச்சி

அசுரன் என்னும் சொல் இன்று தேவர்க்குப் பகையான கொடியவனையே குறிக்கும். இருக்குவேதத்தின் பழைய பகுதிகளிலோ அது வருணன், இந்திரன், அக்கினி முதலியோர்க்கு வழங்கிய உயரிய அடையாகும். ஆற்றல் மிக்க தலைவன் என்பதே ஆங்குப் பொருள். ஈரானியரின் அவெத்தாவில் இதன் இனச்சொல்லாகிய 'அகுர' முழுமுதற் கடவுளின் பெயரிலேயே நிலைபெற, 'தேவ' என்பதன் இனச்சொல் தீயசக்திகளைச் சுட்டலாயிற்று. இரு மக்கட் பிரிவினரின் பகையே இம்மாற்றத்துக்குக் காரணமெனச் சிலர் கொண்டனர். பிரிவுக்குப் பின்னெழுந்த இருக்குவேதத்திலும் அச்சொல் பெருமையோடு நிற்றலின், அவ்விளக்கம் எளிதிற் பொருந்துமாறில்லை.

பத்தாம் மண்டலத்திற் பகைமைப்பொருள் தலைகாட்டுகின்றது. அதர்வவேதத்தில் அது வலுப்பெறுகின்றது. எனினும் சதபத பிராமணத்தில் தேவரும் அசுரரும் பிரசாபதியின் மக்களே. ஒரே தந்தையின் உடைமைக்குப் போட்டியிடும் உடன்பிறந்தார். முதலிலுள்ள அகரத்தை எதிர்மறை எனப் பிழைபடப் பிரித்தமையால் 'சுரர்' என்னும் புதுச்சொல் பின்னர்ப் பிறந்தது. வான்மீகி இராமாயணப் பாலகாண்டமோ, பாற்கடலில் எழுந்த வாருணியை ஏற்றோர் சுரர், ஏலாதார் அசுரர் என்று காரணங் கூறுகின்றது. மதுவை மறுத்தோரே அசுரராயினர் என்பது சுவையான முரண்.

கீதையின் 16ஆம் அத்தியாயத்தில் அசுரத்தன்மை மானிடரின் செருக்கிலும் சினத்திலும் அறியாமையிலும் குடிகொள்கின்றது. அருச்சுனன் தெய்வ இயல்போடு பிறந்தவன், ஆதலால் வருந்தற்க என்று கண்ணன் அங்குத் தேற்றுகின்றான். உற்றாரைக் கொல்ல நிற்பவனுக்கு அத்தேற்றம் வேண்டியிருந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.