நிரல்வழிச் சுட்டி இயக்கம்

நிரல்வழிச் சுட்டி இயக்கம் என்பது, மௌஸ் எனப்படும் சுட்டியைக் கை தொடாமலேயே அதன் நகர்வையும் சொடுக்கையும் ஒரு சிறுநிரலைக் கொண்டு மேசைக் கணினியில் நிகழச் செய்வதாகும். சுட்டியின் ஒவ்வோர் அசைவையும் இயங்குதளம் ‘நிகழ்வு’ என்னும் சிறு தகவலாக மாற்றி வரிசையில் வைக்க, பயன்பாட்டு மென்பொருள்கள் அவ்வரிசையைப் படித்தே செயல்படுகின்றன. ஆதலால் நிரல் இட்ட நிகழ்வும் பெரும்பாலும் கையால் விளைந்ததாகவே ஏற்கப்படுகிறது.

டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பலர் முன் இயக்கிக்காட்டிய சுட்டி, 1984இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் வழியாக வீடுகளையும் அலுவலகங்களையும் அடைந்தது. அக்கணினி உருவாகிவந்த காலத்திலேயே, அதன் அறிமுக விளக்கத்திற்காகப் பயனரின் செயல்களைப் பதிந்து மீண்டும் நிகழ்த்தும் வசதியை ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அமைத்திருந்தார். 1983இல் ஸ்டீவ் காப்ஸ் அவ்வசதியைப் பயன்படுத்தி எழுதிய ‘மங்கி’ என்னும் கருவி, ஒழுங்கற்ற சொடுக்குகளையும் விசையழுத்தங்களையும் ஓயாது அனுப்பி, நினைவகம் குறையும்போது மெக்ரைட், மெக்பெயின்ட் ஆகிய மென்பொருள்களில் தலைகாட்டும் பிழைகளை வெளிக்கொணர்ந்தது.

சோதனைக்கூடத்தில் பிறந்த இந்நுட்பம் பின்னர்ப் பயனர்களின் கைக்கும் வந்தது. 1990இல் வெளியான விண்டோஸ் 3.0 உடன் வந்த ‘ரெக்கார்டர்’ சுட்டியின் செயல்களைப் பதிந்து திரும்ப நிகழ்த்தியது; எனினும் பதிவு திரையின் ஆயங்களைச் சார்ந்திருந்தால், சாளரம் இடம் மாறியதும் சொடுக்கு வேறெங்கோ விழும். ஆட்டோஇட் (1999), ஆட்டோஹாட்கீ (2003) போன்ற நிரல்மொழிகள், சாளரத்தை அதன் தலைப்பால் கண்டறிந்தபின் சொடுக்க வழிசெய்து இக்குறையைக் குறைத்தன. 2009இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சிகுலி, பொத்தானின் படத்தையே திரையில் தேடிச் சொடுக்கியது.

யுனிக்ஸ் குடும்பக் கணினிகளில் பரவிய எக்ஸ் சாளர முறைமை, ஒரு நிரல் மற்றொன்றுக்கு அனுப்பும் நிகழ்வின்மீது அது செயற்கையானது என்னும் குறியை இட்டதால், சில மென்பொருள்கள் அதைப் புறக்கணித்தன. அக்குறியின்றி நிகழ்வுகளைச் செலுத்த எக்ஸ்டெஸ்ட் என்னும் நீட்டிப்பு உதவியது.

பயனர் அறியாமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தத் தீநிரல்களாலும் இயலும் என்பதே இந்நுட்பத்தின் பெரும் இடர். அதனால் 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, குறைந்த அதிகாரமுள்ள நிரல் மிகுந்த அதிகாரமுள்ள நிரலின் சாளரத்திற்கு உள்ளீடு அனுப்புவதைத் தடுத்தது. மேக் கணினிகளில் பயனரின் வெளிப்படையான இசைவு தேவையாயிற்று. லினக்ஸில் எக்ஸின் இடத்திற்கு வந்த வேலேண்ட், பிற மென்பொருளின் உள்ளீட்டில் தலையிடும் பொதுவழியைத் தன் அடிப்படை நெறிமுறையில் வைக்கவில்லை. எனினும் சுட்டியைப் பிடிக்க இயலாதோர் எண்விசைகளாலோ குரலாலோ கணினியை இயக்குவதும் செயற்கை நிகழ்வுகளாலேயே ஆதலால், அவற்றை முற்றாக விலக்குவது அவர்களிடமிருந்து கணினியைப் பறிப்பதாகும். எந்த நிரலுக்கு இசைவு தருவது என்பதைப் பயனரே முடிவுசெய்யும் ஏற்பாடே இரு தேவைகளையும் காக்கிறது.